அகன்ற திரை

மடிக்கணினி என்னும் பெயர் இக்கருவிக்குச் சற்றும் பொருந்தவில்லை என்பதே, பிரிஞ்சாங்கில் வாழும் அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதைப் பற்றி முதன்முதலில் வெளியிட்ட கருத்து. கருவியின் எடை 2.3 கிலோ. அதற்கு மின்சாரம் ஊட்டும் கருங்கட்டியும் வடமும் சேர்ந்தால் மூன்று கிலோவை எட்டிவிடும். அறுபத்து நான்கு வயது முழங்கால்கள் அந்தச் சுமையை ஓரளவு தாங்கினாலும், சூட்டைத் தாங்கவில்லை. வேலை தொடங்கிய கால் மணி நேரத்தில் அதன் அடிப்பாகம் இட்டலிச் சட்டியைப் போலக் கொதிக்கத் தொடங்கியது. அன்றே அது மடியை விட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தது. காரணப்பெயராகப் பிறந்த சொல் தம் வீட்டில் இடுகுறிப்பெயராகிவிட்டது என்று அவர் சொல்லிச் சிரித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவருக்கு வேறு எவ்வாறு சிரிக்க வரும்?

ஈப்போவில் ஒரு கடையில் 4,300 ரிங்கிட் கொடுத்து வாங்கிய கருவி அது. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த விளம்பரம் முழுவதும் விளையாட்டைப் பற்றியதாகவே இருந்தது. வாளேந்திய வீரன் ஒருவன் நெருப்பினிடையே நின்றான். ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தை ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் கொடுப்பதா என்னும் தயக்கம் அவரை இரண்டு மாதம் அலைக்கழித்தது. பாதி விலையில் அலுவலகத்துக்கென்று செய்யப்பட்ட கணினிகள் கிடைத்தன. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அவை போதும். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வேலை கடிதமும் அன்று, கணக்கும் அன்று.

அவருடைய அலமாரியில் முப்பத்தேழு ஒலிநாடாப் பேழைகள் இருந்தன. 1982க்கும் 1989க்கும் இடையில், இளம் ஆசிரியராகத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலத்தில், வார இறுதிகளில் லயங்களுக்குச் சென்று முதியவர்களைப் பேசவும் பாடவும் வைத்து அவர் பதிவு செய்தவை அவை. தாலாட்டு, ஒப்பாரி, நடவுக் காலத்து நினைவாகக் கப்பலேறி வந்த தெம்மாங்கு, பெரட்டுக் களத்தில் மண்டோருக்கும் கிராணிக்கும் தெரியாமல் பாடப்பட்ட நையாண்டிப் பாடல்கள், கொழுந்து வேலையின் சொற்கள் ஆகியவை அவற்றில் அடங்கும். பாடியவர்களுள் இன்று உயிரோடு இருப்பவர்கள் இருவரே. இம்மலையில் போ தோட்டம் 1929லும் பாரத் தோட்டம் 1933லும் தொடங்கப்பட்டன. அத்தோட்டங்களிலும் பின்னர் எழுந்தவற்றிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண்களின் பேத்திகள் பெரும்பாலும் சமவெளி நகரங்களுக்குப் போய்விட்டனர். இன்று கொழுந்தை இயந்திரம் வெட்டுகிறது. அந்த இயந்திரத்தைப் பிடிப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கும் பாட்டு இருக்கும். அதைப் பதிவு செய்ய யாரேனும் வருவார்களா என்பது வேறு கதை.

நாடாக்களுக்கு வந்த பகை இம்மலையின் ஈரம். பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் பின்னே நிற்கும் பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,032 மீட்டர். மாலையில் இறங்கும் மூடுபனி சன்னலைச் சாத்தினாலும் புகுந்துவிடும். தோல் செருப்பில் பூசணம் பூக்கும் ஊரில் ஒலிநாடாவில் பூக்காதிருக்குமா? பதினொரு பேழைகளில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்படலம் படிந்திருப்பதைக் கண்ட நாளில்தான், எப்படியாவது அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

விளையாட்டுக் கணினி வேண்டும் என்று வாதாடியவன் அவருடைய பேரன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், உள்ளங்கை அகலமுள்ள கைப்பேசித் திரையிலேயே பாடம் படித்தவன் அவன். பெரிய திரையின்மேல் அவனுக்கு ஏக்கம் இருந்ததில் வியப்பில்லை. அவனுக்கு விளையாட்டிலும் ஆசை உண்டு. அதை அவன் மறைக்கவும் இல்லை. “வெளையாட்டு மெஷின்தான் தாத்தா. ஆனா உங்க கேசட்ட சுத்தம் பண்ற வேலைக்கும் இதே சிப்புதான் வேணும். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு பாட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடும்” என்று அவன் சொன்னான். தன்னலம் கலந்திருந்தாலும் அவன் கூற்று உண்மையே.

அதன் காரணம் அறியத்தக்கது. கணினி விளையாட்டில் காணும் மலையும் மரமும் மனிதரும் பல்லாயிரம் சிறு முக்கோணங்களால் ஆனவை. ஆடுபவர் ஓர் அடி நகர்ந்தால் அத்தனை முக்கோணங்களும் தம் இடத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய கணக்கு எளியது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கணத்தில் செய்தாக வேண்டும். ஒரு பேரறிஞரை அமர்த்தி ஒவ்வொன்றாகக் கணக்கிடச் சொல்வதைவிட, ஆயிரம் மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பதே இங்கே விரைவு தரும். கணினியின் மையச் செயலி அந்தப் பேரறிஞர். வரைகலைச் செயலி அந்த மாணவர் கூட்டம். என்விடியா நிறுவனம் 1999ல் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 இப்பெயரால் விளம்பரம் பெற்றது. அதன் பின் நடந்ததை அதைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். 2012ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு வரைகலை அட்டைகளைக் கொண்டு, படங்களைப் பார்த்து இன்னதென்று சொல்லும் செயற்கை நரம்பு வலையைப் பயிற்றுவித்தார். படத்தைப் பிரித்தறிவதும், பேச்சை எழுத்தாக்குவதும், இரைச்சலினின்று குரலைப் பிரிப்பதும் அடிப்படையில் அதே வகைக் கணக்குகளே. பாட்டினின்று குரலைத் தனியே எடுக்கும் ஸ்பிளீட்டர் என்னும் நிரலைப் பிரான்சின் டீசர் நிறுவனம் 2019ல் இலவசமாக வெளியிட்டது. அதைப் போன்றவை இன்று வேறு பலவும் உள்ளன. வாளேந்திய வீரனுக்காகச் செய்த சில்லு ஒப்பாரிக்கும் உதவுவது இவ்வாறுதான்.

திரையைப் பற்றி அவர் சொல்வதே மிகுதி. மூலைக்கு மூலை பதினாறு அங்குலம். அகலமும் உயரமும் பதினாறுக்குப் பத்து என்னும் அளவில் அமைந்தவை. பள்ளியில் அவர் முன்பு பயன்படுத்திய பழைய கணினியில் கிடையாக 1,366 புள்ளிகளும் நெடுக்காக 768 புள்ளிகளும் இருந்தன. இதில் 1,920, 1,200. முதல் நாள் அவருக்குத் தோன்றியது திரையரங்கின் நினைவு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973ல் வந்தது. அதைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து லாரியேறித் தாப்பாவுக்கு இறங்கிய சிறுவர்களுள் அவரும் ஒருவர். திரையின் இரு ஓரத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாமல் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருந்தது அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. இப்போது ஒன்றரை அடித் தொலைவில் அமர்ந்து அதே தலைத் திருப்பலை மீண்டும் செய்வதாகச் சொன்னார்.

அகலம் தமிழுக்குப் புதிதன்று என்பது அவருடைய மற்றொரு கூற்று. ஓலைச்சுவடி கிடையாக நீண்ட ஏடு. வரி நெடுந்தொலைவு ஓடும். உயரம் மூன்று விரற்கடைக்கு மேல் இராது. பனையோலை அவ்வாறு வளர்ந்ததே அதற்குக் காரணம். காகிதமும் அச்சும் வந்த பின்னரே தமிழ் நெடுக்காக நின்ற பக்கத்துக்குப் பழகியது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ல் அச்சிடுவதற்குப் பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பு நோக்கினார். அவ்வேலைக்கு ஒரு சுவடியைப் பார்த்து மறைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது உதவாது. எல்லாம் ஒருங்கே கண்முன் கிடக்க வேண்டும். குறுகிய திரையில் அவருக்கு வாய்க்காதது அதுவே. இப்போது திரையின் இடப்பாதியில் 1984ஆம் ஆண்டுக் குறிப்பேட்டின் ஒளிப்படம், வலப்பாதியில் தட்டச்சு செய்யும் பக்கம். இரண்டும் எழுத்துச் சிறுக்காமல் நிற்கின்றன. கண்புரை நீக்கிய கண்களுக்கு இது சிறிய உதவியன்று. ஆயினும் புகழ்ச்சியோடு அவர் நிறுத்திவிடவில்லை. நீண்ட கட்டுரையை முழு அகலத்தில் விரித்துப் படித்தால் வரியின் முடிவுக்குப் போன கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடுகிறது. ஆகவே வாசிப்பதற்கு மட்டும் பக்கத்தைக் குறுக்கிக்கொள்கிறார்.

விசைப்பலகையில் அவர் கண்ட ஒன்று தமிழ் படித்தவர்களுக்கு இனிக்கும். விளையாட்டுக் கணினிகளில் இடக்கைப் பக்கத்து நான்கு விசைகளை வெண்கோடிட்டுத் தனித்துக் காட்டுவது வழக்கம். டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் அந்நான்கும் ஆட்டத்தில் முன்னே செல்லவும், இடம் திரும்பவும், பின்வாங்கவும், வலம் திரும்பவும் பயன்படுபவை. பேரன் ‘நடக்கிற கட்டை’ என்று சொல்லும் அவற்றில் விரல் வைத்தபோது ஆசிரியருக்கு வியப்பு மேலிட்டது. 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ் 99 அமைப்பில் ஏ, எஸ், டி ஆகிய மூன்றும் முறையே அ, இ, உ. தொல்காப்பியர் காலந்தொட்டுச் சுட்டெழுத்துகள் என்று வழங்கும் அதே மூன்று, அதே வரிசையில்! அங்கே, இங்கே, உங்கே என்று திசை காட்டிய எழுத்துகள் விளையாட்டிலும் திசை காட்டுகின்றன. தற்செயலான ஒற்றுமைதான், இதில் பொருள் தேடிக் களைப்பது வீண். ஆனால் சுட்டெழுத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவர், வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து விளையாட்டையே நினைத்துக்கொண்டிருக்கும் மாணவனிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். அவன் நிமிர்ந்து உட்காருவான்.

தமிழ் 99ல் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகளே அடிப்படை. க என்னும் விசையையும் ஓ என்னும் விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் ‘கோ’ தானே அமைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் சில பத்து விசைகளுக்குள் அடக்க அவர் தனிக் குறிகளையும் நகரா விசைகளையும் தேட வேண்டியிருந்தது. கணினிக் காலத்தில் அத்தேடலைத் தொடர்ந்தவர்களுள் மலேசியாவின் முத்து நெடுமாறன் முதன்மையானவர். 1980களின் நடுவில் அவர் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, இந்நாட்டுத் தமிழாசிரியர் பலருக்கும் முதல் தமிழ்க் கணினி அனுபவமாக அமைந்தது. இந்த ஆசிரியரும் அவ்வழியே வந்தவர். புதிய கருவியின் விசைகள் ஆழமாக இறங்கி எழுகின்றன. தட்டச்சுப் பொறியில் பழகிய விரலுக்கு அது பிடித்திருக்கிறது. விசைகளின் அடியில் வானவில் நிறங்களில் ஓடும் விளக்கு மட்டும் பிடிக்கவில்லை. அதை வெண்ணிறத்தில் நிறுத்திவைத்துவிட்டார். திருவிழாப் பந்தலுக்குள் உட்கார்ந்து ஒப்பாரியைக் கேட்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

நாடாவைக் கணினிக்கு மாற்றும் வேலையில் விரைவுக்கு இடமில்லை. நாடா வினாடிக்கு 4.76 செண்டிமீட்டர் நகரும். அரை மணி நேரப் பக்கத்துக்கு ஏறத்தாழ 86 மீட்டர். ஒரு மணி நேரப் பேழையைக் கேட்டு மாற்ற ஒரு மணி நேரமே ஆகும். எவ்வளவு விலையுயர்ந்த கணினியும் இதைக் குறைக்க முடியாது. பூசணம் பிடித்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் அது பதிவுக்கருவியின் தலையில் ஒட்டி மற்ற நாடாக்களுக்கும் பரவும். ஆகவே அவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப்புகாப் பெட்டியில் பல நாள் உலரவைத்து, முகமூடி அணிந்து, பஞ்சால் மெல்ல ஒற்றித் துடைத்த பின்னரே ஓடவிடுகிறார். ஒரு பேழைக்கு ஒரு வாரம் ஆவதும் உண்டு.

மாற்றிய ஒலியைக் கணினி படமாக வரைந்து காட்டுகிறது. அந்தப் படத்தில்தான் அகன்ற திரையின் முழுப் பயனும் வெளிப்படுகிறது. கிடையாகக் காலம் ஓடுகிறது. கீழிருந்து மேலாகச் சுருதி ஏறுகிறது. ஒலி வலுத்த இடம் ஒளிர்கிறது. பெண்ணின் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகளாகத் தோன்றும். நாயின் குரைப்பு குட்டையான திட்டுகளாக விழும். தகரக் கூரையில் பெய்த மழையோ திரையின் அடி முதல் முடி வரை ஒரே மூடுபனியாகப் படர்ந்திருக்கும். பிரிஞ்சாங்கில் வாழ்பவருக்கு அந்தப் பனியை அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

ஒன்பதாவது பேழையில் இருந்தது அவருடைய தாயாரின் குரல். 1985ல் ஒரு மழைநாள் மாலையில் லயத்து அடுப்படியில் பதிவானது. இருபத்தாறு ஆண்டுகள் கொழுந்தெடுத்த அந்த அம்மையார் 1994ல் காலமானார். பாட்டு, அவருடைய தமையன் இறந்தபோது பாடிய ஒப்பாரி. வகுப்பறையில் அளபெடை நடத்தும்போதெல்லாம் ஆசிரியர், மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைந்நொடிக்கும் நேரம், நெடிலுக்கு இரண்டு, ஓசை குறைந்த இடத்தில் அது மேலும் நீளும் என்று சொல்லி, கரும்பலகையில் எழுத்துக்குப் பக்கத்தில் அதன் இனக்குறிலை எழுதிக் காட்டிவந்தார். எழுத்தில் அது ஒரு சிறு குறியாகவே நிற்கும். இங்கே தாயார் ‘அண்ணா’ என்று விளித்து ஈற்று நெடிலை நீட்டிய இடத்தில் கோடுகள் ஒரு சாண் நீளத்துக்கு ஓடின. ஏழு வினாடி. நடுவில் இரண்டு முறை நடுங்கிக் கீழிறங்கின. முடியும் இடத்தில் மூச்சு ஒரு சாம்பல் திட்டாகச் சிதறியது. பழைய கணினியின் குறுந்திரையில் இதே அளவுக்கு விரித்தால் அந்நெடில் பாதியில் முறிந்து, மீதியைப் பார்க்கத் திரையை நகர்த்த வேண்டியிருந்திருக்கும். இந்தத் திரையில் அது முழுதாக ஒரே பார்வையில் கிடந்தது. ஆசிரியர் அன்று மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை.

அப்பதிவில் விந்தையான ஒன்றும் உண்டு. தாயார் பாடத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே அவர் குரலின் மிக மெல்லிய நிழல் கேட்கிறது. நாடா பல்லாண்டு சுருண்டு கிடக்கும்போது ஒரு சுற்றின் காந்தப் பதிவு அதை ஒட்டிய அடுத்த சுற்றில் மங்கலாகப் படிந்துவிடுவதால் இவ்வாறு நிகழ்கிறது. ஒலிப்பதிவாளர்கள் இதைக் குறையென்று கருதுவர். பேரன் அதைத் துடைத்துவிடலாம் என்றான். தாத்தா வேண்டாம் என்றார்.

இருவருக்கும் இடையே எழுந்த பெரிய விவாதம் மழையைப் பற்றியது. பேரன் புதிய நிரலை ஓட்டினான். கணினியின் விசிறிகள் இரண்டும் இரைந்தன. நான்கு நிமிடப் பாட்டு ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கோப்புகளாகப் பிரிந்து வந்தது. ஒன்றில் குரல், மற்றொன்றில் எஞ்சியவை. மழையே இல்லாத அறையில் தாயார் பாடுவது போன்ற தெளிவு! முன்பு எத்தனை முறை கேட்டும் பிடிபடாதிருந்த இரண்டு சொற்கள் இப்போது தெளிந்தன. குறிப்பேட்டில் வினாக்குறியிட்டு விட்டிருந்த இடங்களை ஆசிரியர் அன்றே நிரப்பினார். ஆனால் நான்காம் முறை கேட்டபோது அவர் முகம் சுருங்கியது. குரலின் ஓரங்கள் கண்ணாடி போல வழுவழுத்திருந்தன. மழையோடு சேர்த்து ‘ழ’கரத்தின் உரசலும் மூச்சும் சிறிது போய்விட்டிருந்தன. நிரல் மனிதக் குரலைப் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்துப் பாடகர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. லயத்து அடுப்படியில் புகை குடித்த தொண்டையை அது எங்கே கேட்டிருக்கும்? எஞ்சியவை என்று ஒதுக்கப்பட்ட கோப்பைத் திறந்தபோது அதில் மழை இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை இருந்தது. தாயாரின் மூச்சில் ஒரு பங்கும் இருந்தது.

இச்செய்தியில் தாத்தாவின் பக்கமே நியாயம் மிகுதி. தூய்மை செய்த பதிவு சொற்களைப் படித்தறிய உதவும் உரைக் குறிப்புப் போன்றது; அதை மூலத்தின் இடத்தில் வைத்தல் ஆகாது. பதிப்பாசிரியர்கள் சுவடியில் கண்ட பாடத்தை அழித்துவிட்டுத் தம் திருத்தத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் பின்வந்தோர் எதைக்கொண்டு ஒப்பிட்டிருப்பர்? இறுதியில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று கோப்புகள் என்று முடிவாயிற்று. நாடாவில் உள்ளது உள்ளவாறு ஒன்று. இரைச்சல் குறைத்தது ஒன்று. ஆசிரியர் எழுதிய உரை ஒன்று. கோப்புகளுக்கு அவர் தமிழிலேயே பெயரிட்டார். பழைய ஒலித்தொகுப்பு நிரல் ஒன்று அப்பெயர்களைக் கண்டதும் திறக்க மறுத்துக் கட்டங்களைக் காட்டியது. ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அச்செய்தி இன்னும் எட்டாத மூலைகள் கணினியுலகில் உண்டு. அவர் பெயரை மாற்றவில்லை, நிரலை மாற்றினார்.

மலைநாட்டுத் தட்பவெப்பம் இக்கருவியை நடத்தும் விதமும் சுவையானது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது வெளியேற்றும் வெப்பம் குறைந்துவிடும். ஆனால் இங்கே பகலிலும் வெப்பநிலை 25 பாகையைத் தாண்டுவது அரிது; இரவில் 15, 16க்கு இறங்கும். ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்து மிச்சமும் வைக்கிறது. ஈப்போவில் உறவினர் வீட்டில் இரைந்த அளவுக்கு விசிறி பிரிஞ்சாங்கில் இரைவதில்லை என்பது அவர் காதால் கண்ட உண்மை. எச்சரிக்கை வேண்டுவது மலையிறங்கும்போதுதான். குளிர்ந்த கருவியைப் பையிலிட்டுச் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே இறங்கி, சமவெளியின் வெக்கையில் உடனே திறந்தால், குளிர்நீர்க் குவளையின் புறத்தே துளிப்பது போல அதன் உலோகத்திலும் உள்ளேயும் நீர் துளிக்கும். ஆகவே ஈப்போ சென்றதும் ஒரு மணி நேரம் பையைத் திறப்பதில்லை. இடி மின்னல் வந்தால் செருகியைப் பிடுங்கிவிடுகிறார்.

மின்கலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தட்டச்சுக்கு ஐந்து மணி நேரம் தாங்கும். பேரன் ஆடத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் அடங்கிவிடும். கருங்கட்டியின்றி வெளியூர் செல்ல இயலாது. ஒலிபெருக்கி சுமார். கேட்பொறி இல்லாமல் நாடா வேலை செய்வது வீண்.

பேரனுக்கு இரவு எட்டு முதல் பத்து வரை என்பது ஒப்பந்தம். ஒருநாள் தாத்தாவும் பக்கத்தில் அமர்ந்து பார்த்தார். வினாடிக்கு 165 முறை புதுப்பிக்கப்படும் திரை அது. 23 இலட்சம் புள்ளிகளை அத்தனை முறை தீட்டினால் ஒரு வினாடிக்கு 38 கோடிப் புள்ளிகளுக்கு மேல் ஆகிறது. ஆட்டத்தில் ஒரு மலைச்சரிவு வந்தது; பள்ளத்திலிருந்து பனி எழுந்து மரங்களிடையே புகுந்தது. அது உண்மைப் பனியைப் போல இருந்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பனி வந்தால் ஒலி மங்கும், எதிர்ச் சரிவில் பேசுபவர் குரல் பக்கத்தில் கேட்பது போலவும் சில வேளை தொலைந்தது போலவும் மயக்கும், அதை இவர்கள் செய்யவில்லையே என்றார். பேரன் ஆட்டத்தை நிறுத்தி ஒருமுறை கேட்டுப் பார்த்தான். பிறகு, தான் அதைக் கவனித்ததே இல்லை என்றான். அடுத்த வாரம் தேயிலைச் சரிவில் பனி இறங்கிய மாலையொன்றில் கைப்பேசியோடு சென்று அந்த ஒலியைப் பதிவு செய்துகொண்டு வந்தான். எதற்கென்று கேட்டதற்குச் சரியான விடை அவனிடம் இல்லை.

இத்தகைய கருவிகளின் பிறப்பிடம் எங்கோ என்று எண்ணுவதற்கில்லை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் உற்பத்தித் தொழிற்சாலையை 1972ல் பினாங்கில்தான் நிறுவியது. இன்றும் அதன் செயலிகளில் பல பினாங்கிலும் கூலிமிலும் உறையிடப்பட்டுச் சோதனை முடிந்தே உலகுக்குப் போகின்றன. மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்று பொறித்திருப்பதைக் காணலாம். ஆசிரியரின் முப்பத்தேழு பேழைகளுள் இருபத்திரண்டாவதில் பாடிய மூதாட்டியின் மகள், 1970களின் இறுதியில் தோட்டத்தை விட்டுப் பினாங்கு மின்னணுத் தொழிற்சாலையொன்றுக்கு வேலைக்குச் சென்றவர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துச் சில்லுக்குப் பொற்கம்பி இணைத்தது அவர் செய்த வேலை. கொழுந்தில் இரண்டு இலை ஒரு மொட்டுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடினமாகத் தெரியவில்லை என்று அவர் தாயாரிடம் சொன்னாராம். தாயார் அதைப் பதிவில் சொல்லிச் சிரிக்கிறார். அப்பேழையைக் கணினிக்கு மாற்றிய அன்று, ஆசிரியர் அந்த மகளுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அவர் இப்போது பட்டர்வொர்த்தில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். தாயின் குரலை மழையோடு அனுப்பவா, மழையில்லாமல் அனுப்பவா என்று ஆசிரியர் கேட்டார். இரண்டையும் அனுப்பச் சொன்னார் அவர்.

இதுவரை இருபத்தாறு பேழைகள் முடிந்துள்ளன. ஒன்றில் நாடா அறுந்தது. ஒட்டிய இடத்தில் இரண்டு சொற்கள் போயின. மற்றொன்றில் பூசணம் காந்தப் பூச்சையே தின்றுவிட்டதால் ஒரு பக்கம் முழுவதும் வெறும் சீறல். எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியவில்லை. உறையின்மேல் ஆசிரியரின் இளமைக் கையெழுத்தில் பாடியவர் பெயரும் ‘நலுங்குப் பாட்டு, நான்கு’ என்னும் குறிப்பும் மட்டும் உள்ளன. அந்த வெற்றுக் கோப்பையும் அவர் நீக்கவில்லை. பெயரிட்டு மற்றவற்றோடு வைத்திருக்கிறார். இருபத்தேழாவது பேழை சிலிக்கா மணிகளோடு பெட்டியில் உலர்ந்துகொண்டிருக்கிறது. வியாழக்கிழமைக்குள் ஈரம் போய்விடும் என்று அவர் கணக்கிட்டிருக்கிறார்.